கண்மாய்க்கரையில் ஒரு சத்தம்

எம். புதுப்பட்டியைத் தாண்டி, ஒரு கண்மாய்க்கரையில் வண்டியை நிறுத்துகிறேன். எனக்கு எந்த ஊரிலும் கால் தரிப்பதில்லை. ஆனால் இந்தக் கரை உட்காரச் சொல்கிறது. வேப்பநிழலில் பெஞ்சுகள், வரிசையாகப் பொரித்த மீன் கடைகள், தண்ணீரில் குழந்தைகள் மிதிக்கும் படகுகள். மீன்பிடித்து மட்டும் பிழைக்க முடியாமல் பட்டாசு ஆலைக்குப் போய்க்கொண்டிருந்த ஊர் இது. வெளியூர்க்காரர்கள் தேடி வரும் இடமாக இதை மாற்றியவர் பஞ்சாயத்துத் தலைவி. பக்கத்துக் கடையில் அவரும் மீன் அறுத்துக்கொண்டிருக்கிறார்.

தூரத்தில் பெரிதாக ஒரு சத்தம். பெஞ்சு அதிர்கிறது.

எல்லாக் கடைகளிலும் கரண்டிகள் நின்றுவிடுகின்றன. எனக்கு மீன் பொரிக்கும் முத்துமாரி ஆலை இருக்கும் மேற்குப் பக்கம் பார்க்கிறாள். அவள் புருஷன் இன்னும் ஆலையில்தான். வேலை செய்கிறவர்கள் உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது. தலைவி செதில் ஒட்டிய கையோடு ஆலை வாட்ச்மேனுக்குப் போன் போடுகிறார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி சொல்கிறார்:

“கல்குவாரி வெடியாம். நம்மாளுக அம்புட்டுப் பேரும் நல்லா இருக்காக. ஏத்தா முத்துமாரி, சட்டியப் பாரு, கருகுது.”

“பயந்துட்டீங்களா?” என்று முத்துமாரியிடம் கேட்கிறேன்.

“முன்னெல்லாம் இந்தச் சத்தம் கேக்கையில நானும் ஆலைக்குள்ளதாண்ணே இருப்பேன். வெளிய நின்னு கேக்க வச்சது எங்க தலைவிதான். இனி எங்க வீட்டுக்காரரையும் இங்கன இழுத்துட்டு வரணும்.” மீனைத் திருப்பிப் பார்த்து முகம் சுளிக்கிறாள். “இது ஆகாது. வேற போடுறேன், இருங்க.”

வேற வேண்டாம், இதையே போடுங்கள் என்று தட்டை நீட்டுகிறேன். கருகிய மீனை இத்தனை சந்தோஷமாக நான் சாப்பிட்டதில்லை.