கருநீலக் கோட்டின் முதுகு

மீசை முளைக்கிற வயதில் வரவேண்டிய பரு, மகள் கல்லூரிக்குப் போகிற காலத்தில் வந்தால் ஒரு மனுஷன் அதை யாரிடம் போய்ச் சொல்வான்? அதுவும் முகத்தில் இல்லை. இஸ்திரிக்காரனின் முகம் இன்றைக்கும் மொழுமொழுவென்று புதுமாப்பிள்ளை முகம்தான். சட்டையைக் கழற்றினால்தான் சங்கதி. கழுத்துக்குக் கீழே ஆரம்பித்து இடுப்பு வரைக்கும் சிவப்பும் கறுப்புமாகக் கிடந்தது. சிலது மிளகு அளவு, சிலது சுண்டைக்காய் அளவு. உள்ளே சீழ் கோத்துக்கொண்டு விண்விண்ணென்று தெறிக்கும். நாற்காலியில் சாய முடியாது, மல்லாந்து படுக்க முடியாது. பேருந்தில் பின்னால் நிற்கிறவன் முழங்கை பட்டால் உயிர் போய்விட்டுத் திரும்பி வரும்.

அவன் வேலை பார்த்தது ஒரு பெரிய சலவைக் கூடத்தில். ஓட்டல் விரிப்புகள், ஆபீஸ்காரர்களின் சட்டைகள், கோட்டுகள் எல்லாம் மூட்டை மூட்டையாக வரும். அவனுக்கு நீராவி இஸ்திரி மெஷின். மேல் பலகையை இழுத்து இறக்கினால் புஸ்ஸென்று ஆவி கிளம்பும். பாதி துணிக்குள் போகும், மீதி ஆள்மேல் வரும். அதற்குமேல் கழுத்துவரை பட்டன் போட்ட சீருடை, காற்றுப் புகாத நைலான். பொழுதுக்கும் அதற்குள் வெந்தால் உருளைக்கிழங்கே தோலுரிந்துவிடும். இவன் முதுகு எம்மாத்திரம்?

ஆரம்பத்தில் அவன் செய்த வைத்தியம் சலவைக்காரன் மட்டுமே செய்யக்கூடிய வைத்தியம். சட்டைக் காலரில் அழுக்குப் போகத் தேய்க்கிற நீளப் பிடி பிரஷ்ஷை வீட்டுக்குக் கொண்டுபோய், கறை சோப்பைப் போட்டு, காலரைத் தேய்ப்பதுபோலவே முதுகைத் தேய்த்தான். அழுக்கு என்றால் போயிருக்கும். இது பரு. நாலே நாளில் ஒன்று ஒன்பதாகிவிட்டது.

இதெல்லாம் அவனோடு போயிருந்தால் இந்தக் கதையே இல்லை. உடை மாற்றும் அறையில் ஒருநாள் ஈரச் சட்டையை உரித்துக்கொண்டிருந்தபோது பின்னால் மேஸ்திரி வந்து நின்றான்.

மேஸ்திரி வேறு யாரும் இல்லை. இஸ்திரிக்காரனின் பெண்டாட்டிக்குக் கூடப்பிறந்த அண்ணன். இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவன் அவன்தான். வாங்கிக் கொடுத்ததை வாரம் தவறாமல் சொல்லிக்காட்டுகிறவனும் அவன்தான். சாயத்தைத் தின்கிற ப்ளீச் டப்பாக்கள் இருக்கும் அலமாரிக்குச் சாவி ஒன்றே ஒன்று. அது அவன் இடுப்பில் தொங்கும். நடக்கும்போது கிலுகிலுவென்று சத்தம் வரும்படியே நடப்பான். "எந்தக் கறையா இருந்தாலும் என்கிட்ட காட்டு, அதோட அப்பன் பேரைச் சொல்றேன்" என்பது அவனுடைய வழக்கமான பீத்தல்.

"அட, மாப்ளே!" என்றான் அறையே கேட்க. "என்னய்யா இது? என் தங்கச்சியை மனுஷனுக்குத்தானே கட்டிக் கொடுத்தோம், பலாப்பழத்துக்கா கொடுத்தோம்?"

மெஷின்களுக்கு ஆவி அனுப்புகிற கொதிகலன்காரன் முதலில் சிரித்தான், அப்புறம் அறை முழுக்கச் சிரித்தது.

"மச்சான், வெளையாடாதீங்க. வலிக்குது."

"வலிக்காம என்ன செய்யும்? உள்ள சுளை இருக்குல்ல!"

அன்றோடு அவன் பெயர் போயிற்று. "பலா, இந்த மூட்டையை எடு." "பலா, டீ வந்திருக்கு." பார்சல் கட்டுகிற பொண்ணு, அவன் மகள் வயசுதான் இருக்கும், அவள்கூட ஒருநாள் வாய் தவறி "பலா அண்ணே" என்று கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவன் யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. மேல் பலகையை இழுத்து இறக்கும்போது மட்டும், கீழே கிடப்பது மேஸ்திரியின் கன்னம் என்று நினைத்துக்கொள்வான். அந்தக் காலத்தில் அவன் போட்ட இஸ்திரி மாதிரி யாரும் போட்டதில்லை என்று வாடிக்கைக்காரர்களே சொன்னார்கள். மடிப்பில் விரல் வைத்தால் வெட்டுமாம்.

கடைசியில் பெண்டாட்டிதான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தோல் டாக்டரிடம் போனாள். டாக்டரம்மா ஒரு ஜெல் எழுதிக் கொடுத்தார்.

"குளிச்சிட்டு ஈரம் போனதும் மெல்லிசா தடவணும். கிள்ளக் கூடாது, பிதுக்கக் கூடாது, தேய்க்கக் கூடாது. ஒண்ணு ஞாபகம் வெச்சுக்குங்க, இது கலர் துணியில பட்டா சாயம் போயிடும். வெள்ளைத் துண்டு, வெள்ளை பனியன்."

"தேய்க்கறதை விட்டுட்டார் டாக்டர். பிரஷ்ஷை ஒளிச்சு வெச்சிட்டேன்" என்றாள் பெண்டாட்டி.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "என்ன வேலை பார்க்கறீங்க?" என்று கேட்டார். சொன்னான். "அந்த ஆவியில நிக்கற வரைக்கும் நான் தடவச் சொல்றதும் வீண், நீங்க தடவறதும் வீண். வேற இடத்துக்கு மாத்தித் தரச் சொல்லுங்க" என்று முடித்துவிட்டார்.

வேற இடம் ஒன்று இருந்தது. கூடத்தின் முன்பக்கம் துணி வாங்கிக் கொடுக்கிற கவுண்டர். மின்விசிறி, வழவழப்பான மேசை, பருத்திச் சட்டை. அங்கே இருந்த அம்மா, வேலையை விட்டுவிட்டு மகன் வீட்டோடு போவதாகச் சொல்லிவிட்டாள். இவன் முதலாளியிடம் போய்க் கேட்டான். முதலாளி நல்ல மனுஷன்தான், ஆனால் எதற்கும் மேஸ்திரியைக் கேட்காமல் தும்மமாட்டார். அப்போதே மேஸ்திரியைக் கூப்பிட்டார்.

"இவனையா?" என்றான் மேஸ்திரி, இவனை நிற்க வைத்துக்கொண்டே. "மொதலாளி, சட்டை முதுகுல எந்நேரமும் ரத்தமும் சீழும் புள்ளி புள்ளியா ஊறி நிக்கும். சுத்தத்தை விக்கற கடையில புள்ளி விழுந்த சட்டையோட ஒருத்தன் நின்னா, துணி கொடுக்க வர்றவன் அதைத் தூக்கிட்டு ஓடிடுவான். பின்னாடியே கிடக்கட்டும். என் தங்கச்சி புருஷன்தான், இருந்தாலும் உள்ளதைச் சொல்லணும்ல?"

"பார்க்கலாம்" என்றார் முதலாளி. "ஆண்டு விழாவுல யாருன்னு சொல்றேன்."

கேலி பண்ணினால்கூடப் பொறுத்திருப்பான். இது சோற்றிலும் தோலிலும் ஒருசேரக் கை வைப்பது. அன்றைக்கு இஸ்திரிக்காரன் மனசுக்குள் கறுவிக்கொண்டான். 'இருடா. உன் முதுகையும் ஊர் பார்க்கணும். நீ மட்டும் பார்க்கக் கூடாது.'

வழி அவன் படுக்கையிலேயே கிடந்தது. ஒருநாள் காலையில் பெண்டாட்டி நீலத் தலையணை உறையைத் தூக்கிக் காட்டினாள். அவன் தோள் பட்ட இடமெல்லாம் சாயம் போய், செம்மண் கலந்த பால் மாதிரி திட்டுத் திட்டாக இருந்தது.

"டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க. கேட்டீங்களா? நல்ல உறை போச்சு."

அவன் உறையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். விரலால் தடவிப் பார்த்தான். துவைத்தால் போகாது. எந்தக் கொம்பனாலும் எடுக்க முடியாது. கறை இருந்தால்தானே எடுக்க? இது சாயமே இல்லாத இடம்.

"என்ன, போன உறையைப் பார்த்து இளிக்கறீங்க?"

"ஒண்ணுமில்ல. நல்ல மருந்துதான்னு நெனைச்சேன்."

விழா நெருங்கியது. அதில் மேஸ்திரிக்குக் கேடயம் கொடுப்பதாக ஏற்பாடு. அதற்கென்றே அவன் ஒரு கோட்டு தைத்திருந்தான். கருநீலம், கெட்டிப் பருத்தி. விழா அன்று காலை அதைத் தோளில் குழந்தையைப் போடுவதுபோலப் போட்டுக்கொண்டு மெஷின் பக்கம் வந்தான்.

"மாப்ளே, உன் கை இஸ்திரிதான் வேணும். பார்த்துப் போடு. உன் முதுகுல இருக்கறது எதுவும் என் கோட்டுல ஒட்டிடக் கூடாது, ஆமா!"

கொதிகலன்காரன் சிரித்தான். இஸ்திரிக்காரனும் சிரித்தான். "ஒட்டாது மச்சான். நான் பார்த்துக்கறேன்."

சாப்பாட்டு நேரத்தில் கூடம் காலியானதும், பையிலிருந்த ஜெல்லை எடுத்தான். கோட்டைக் குப்புறப் போட்டான். முதல் புள்ளியை எங்கே வைப்பது என்று யோசிக்கவே இல்லை. இடது தோள்பட்டையில் ஒன்று அப்போது சுரீரென்று இழுத்தது. அங்கே வைத்தான். அதற்குப் பக்கத்தில் அதன் தம்பி எரிந்தது. அங்கேயும். காலருக்குக் கீழே, நடு முதுகில், வலது விலாவோரம் என்று, தன் முதுகில் எங்கெங்கே வலித்ததோ அங்கங்கே விரல் தானாகப் போயிற்று. அப்புறம் பலகையை இறக்கி ஆவியை விட்டான். அவ்வளவு ஆசையாக அவன் எந்தத் துணிக்கும் ஆவி விட்டதில்லை.

ஈரத்தில் ஒன்றும் தெரியவில்லை. கருநீலம் கருநீலமாகவே இருந்தது. கண்ணாடித்தாள் உறையில் முன்பக்கம் தெரியும்படி மாட்டித் தொங்கவிட்டான். காய்வதும் வெளுப்பதும் இனி அதனதன் வேலை.

சாயங்காலம் விழா மண்டபத்தில் மேஸ்திரி கண்ணாடி முன் நின்று கோட்டைப் போட்டான், முன்பக்கம் பார்த்தான், மீசையை நீவினான். தன் முதுகு தனக்குத் தெரியாது என்று சும்மாவா சொன்னார்கள்? பிறகு ஒவ்வொரு மேசையாக நின்று நின்று பேசிக்கொண்டு போனான். அவன் கடந்துபோன மேசைகளில் எல்லாம் பேச்சு நின்றது. பார்சல் கட்டுகிற பொண்ணு வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் திரும்பிப் பார்த்து, கோட்டைப் பார்த்துத்தான் வாயடைத்துப்போனார்கள் என்று நினைத்துத் தலையை ஆட்டினான். அதைப் பார்த்த இஸ்திரிக்காரனுக்குப் பாயசமே வேண்டியிருக்கவில்லை, வயிறு நிறைந்துவிட்டது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்டாட்டியும் பார்த்தாள். அண்ணனின் முதுகை ரொம்ப நேரம் பார்த்தாள். அப்புறம் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள்.

பெயரைக் கூப்பிட்டதும் மேஸ்திரி மேடையேறினான். கேடயத்தை வாங்க முதலாளி பக்கம் திரும்பினான். மேடை விளக்கு அத்தனையும் முதுகில் விழுந்தது.

"யோவ், யாருய்யா மேடையில புள்ளிமானை ஏத்தினது?" என்றான் கொதிகலன்காரன். அவனுக்கு யாராக இருந்தால் என்ன, சிரிக்கக் கிடைத்தால் போதும். மண்டபமே இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது.

முதலாளி எட்டி முதுகைப் பார்த்தார். "என்னய்யா கறை இது?"

மேஸ்திரி கோட்டைக் கழற்றிப் பிடித்தான். ஒரே பார்வையில் அவனுக்குத் தெரிந்துவிட்டது. "மொதலாளி, இது கறையில்ல, இது ப்ளீ..." என்று ஆரம்பித்தவன், பாதி வார்த்தையை விழுங்கினான். கை தன்னையறியாமல் இடுப்புச் சாவிக்குப் போயிற்று.

"ப்ளீச்சா? அலமாரிச் சாவி உன்கிட்டதானே இருக்கு?"

மேஸ்திரியின் கண் கூட்டத்தில் தேடி, இஸ்திரிக்காரனிடம் வந்து நின்றது. "மாப்ளே! நீதானே இஸ்திரி போட்டே?"

இஸ்திரிக்காரன் எழுந்து நின்றான். "ஆமா மச்சான். நான் போட்டுக் கொடுத்தப்ப நல்லாத்தானே இருந்துச்சு. நீங்களே வாங்கிப் பார்த்தீங்களே! ப்ளீச்சுக்கு நான் எங்க போவேன்? அலமாரியை நான் இதுவரைக்கும் தொட்டதுகூட இல்லையே."

அவன் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. மேஸ்திரி ப்ளீச் சிந்திய சுவர், மேசை என்று பார்க்காமல் கண்ட இடத்தில் சாய்கிற ஆள் என்பதும் கூடத்துக்கே தெரியும். மேஸ்திரி வாயைத் திறந்தான், மூடினான். கரையில் போட்ட மீன் மாதிரி இருந்தது பார்க்க.

"புள்ளி விழுந்த சட்டையோட ஆள் நிக்கக் கூடாதுன்னு எனக்குப் பாடம் நடத்தினது நீதானே?" என்றார் முதலாளி. "சாவியை நாளைக்கு என் மேசையில வை." பிறகு இஸ்திரிக்காரனைப் பார்த்து, "நீ திங்கக்கிழமையில இருந்து கவுண்டருக்கு வந்துடுப்பா. வெள்ளைச் சட்டை போட்டுட்டு வா" என்றார்.

அப்புறம் கூடத்தில் பலா என்ற பெயர் யார் வாயிலும் வரவில்லை. புதுப்பெயர் வந்துவிட்டதே! மேஸ்திரி நடந்து போனால் பின்னால் யாராவது ஒருத்தர் "மான் போகுது, மான் போகுது" என்பார். அவன் திரும்பினால் எல்லோரும் துணி மடித்துக்கொண்டிருப்பார்கள். பழி வாங்குவது பாவம் என்று சொல்கிறவனுக்கு முதுகில் ஒரு பருகூட வந்திருக்காது.

விழாவுக்கு மறுநாள் காலை இஸ்திரிக்காரன் குளித்துவிட்டு, வழக்கம்போல முக்காலியில் பெண்டாட்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். அவள் ஜெல்லைப் பிதுக்கினாள்.

"போன வாரம் வாங்கின ட்யூப். அதுக்குள்ள பாதிக்குமேல காணோம்."

"நிறைய தடவறே நீ."

"நானா?" அவள் விரல் இடது தோள்பட்டைக்கு வந்தது. "இங்க ஒண்ணு, பக்கத்துல அதோட தம்பி. காலருக்குக் கீழ ஒண்ணு. நடு முதுகுல ஒண்ணு. வலது விலாவோரம் ஒண்ணு. தினம் இந்த முதுகுலதான் கை வெச்சுக்கிட்டிருக்கேன். இதே முதுகு எங்க அண்ணன் கோட்டுல மேடையேறினா எனக்குத் தெரியாதா?"

அவனுக்கு வியர்த்தது. இந்தத் தடவை ஆவி இல்லாமலே.

"சொல்லிட்டியா அவர்கிட்ட?"

"சொல்லலை. அண்ணன் உங்களைப் பேசின பேச்சு எனக்கும் சேர்த்துத்தான். அதுக்கு இது வேணும்." ட்யூபின் மூடியைத் திருகி மூடினாள். "ஆனா அது எங்க அண்ணன்."

இடது தோள்பட்டையில் இருந்த பெரிய பருவில் அவள் நகம் இறங்கியது. அவன் முக்காலியோடு துள்ளினான்.

"அய்யோ! கிள்ளக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாங்கல்ல!"

"கத்தாதீங்க. இது எங்க அண்ணனோட கோட்டுக்கு. ஒண்ணு முடிஞ்சது, இன்னும் நாலு இருக்கு."

அவன் வெள்ளைத் துண்டைச் சுருட்டி வாயில் கடித்துக்கொண்டான். மேடையில் மீன் மாதிரி வாயைத் திறந்து மூடிய மச்சானின் முகத்தை நினைத்தான். அது போதுமாக இருந்தது.

"ம்" என்றான், துண்டுக்குள்ளிருந்தே. "போடு."