பூப்பந்துக் களத்தில் நின்ற லாரி

சுண்ணாம்புக் கோடு போடுவதற்கு முன்னால் செல்லமுத்து காற்றைப் பார்ப்பார். வலது காதின் மடிப்பில் செருகியிருக்கும் பஞ்சை இரண்டு விரலால் நோகாமல் எடுப்பார். அதன் ஓரத்திலிருந்து கொசு இறகு அளவுக்குப் பிய்த்து உள்ளங்கையில் வைத்து, கையை மட்டும் மெல்ல விலக்கிக்கொள்வார். பஞ்சு எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம், அதற்குத் தெரிந்துவிடக்கூடாது என்பதைப் போல நாலு எட்டு பின்னால் போவார். அது மண்ணில் இறங்கியதும் தலையை ஆட்டிக்கொண்டு, மிச்சப் பஞ்சை மறுபடியும் காதில் செருகுவார். பூப்பந்து என்பது கம்பளி நூலில் சுற்றிய மஞ்சள் பந்து. காற்று அடித்தால் சொன்ன பேச்சுக் கேட்காது.

"காத்து எப்படி அடிச்சாலும் ஆடத்தானப்பா போறோம், அப்பறம் என்ன சோதனை?" என்று யாராவது கேட்டால், "பொண்ணு பாக்கப் போறவன் ஜாதகம் பாக்கறானல்லோ, அப்படித்தானுங்க" என்பார். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டவர்களும் யோசித்ததில்லை, சொன்னவரும் யோசித்ததில்லை.

ஆவரங்காட்டூர் நகராட்சியில் பொழுதுபோக்கு என்று ஒரு பிரிவு இருந்தது. பிரிவு என்றால் செல்லமுத்துதான். பூங்காவில் சாயங்காலம் ரேடியோ போடுவது, ஊஞ்சல் சங்கிலிக்கு எண்ணெய் விடுவது, சறுக்குமரத்தில் படுத்துத் தூங்குகிற பெரிய மனிதர்களை எழுப்பிவிடுவது, பூப்பந்துக் களத்துக்குத் தண்ணீர் தெளித்துக் கோடு போடுவது எல்லாம் அவர் வேலை. அப்பன் காட்டில் கடலைக்கொடி பிடுங்கிக்கொண்டிருந்தவர், வறட்சி வந்த வருஷம் நகராட்சியில் தண்ணீர் தெளிக்க வந்து, அப்படியே ஒட்டிக்கொண்டார். இன்னும் நிரந்தரமாகவில்லை. ஆனாலும் களத்தைப் பற்றிப் பேசும்போது, சொந்தச் சொத்தைப் போல "என்ற களம்" என்றுதான் வாயில் வரும்.

மாதத்தின் முதல் சனிக்கிழமை அந்தக் களத்தில் போலீசுக்கும் நகராட்சிக்கும் பூப்பந்துப் போட்டி நடக்கும். போலீஸ்காரர்கள் அதைப் பொதுமக்களுடன் நல்லுறவு என்று மேலே எழுதி அனுப்புவார்கள். நகராட்சிக்காரர்கள் பொழுதுபோக்கு நடவடிக்கை என்று எழுதிக்கொள்வார்கள். ஒரே போட்டியில் இரண்டு ஆபீசுக்கும் சோறு வெந்துவிடும். போட்டியில் போலீஸ்தான் ஜெயிக்கும். இது ஊருக்கே தெரிந்த ஏற்பாடு. செல்லமுத்துவையும் சேர்த்து நகராட்சி ஆட்டக்காரர்கள் ஐந்து பேரிடமும் சைக்கிள் உண்டு, ஒருவர் சைக்கிளிலும் விளக்குக் கிடையாது. மாசக் கடைசியில் ஸ்டேஷனுக்கு விளக்கில்லாத சைக்கிள் கேஸ் வேண்டும். முதல் சனிக்கிழமை ஒழுங்காகத் தோற்றவனை மாசக் கடைசியில் ஏட்டையா தண்டாயுதபாணி பார்க்க மாட்டார். எதிரே வந்தாலும் வானத்தில் நட்சத்திரம் பார்ப்பார். சைக்கிளுக்கு டைனமோ வாங்குவதைவிடத் தோற்பது சுலபம் என்பது குழாய் ஃபிட்டர் சின்னண்ணனின் கட்சி. அவர்தான் நகராட்சி அணியில் நல்ல ஆட்டக்காரர். அதனால் அவர்தான் அதிகம் பாடுபட்டுத் தோற்க வேண்டியிருந்தது.

எழுபத்தெட்டாம் வருஷம் தைமாசக் கடைசியில் ஒரு லாரி வந்தது.

கொல்லிமலை அடிவாரத்தில் சாராயம் அடைத்த டியூபுகளோடு பிடிபட்ட, மேலே திறந்த லாரி. வழக்குக்குச் சான்றாகப் பிடித்து வைப்பதை ஸ்டேஷனில் தொண்டி என்பார்கள். ஸ்டேஷன் வாசலில் ஏற்கெனவே தொண்டி மாட்டுவண்டிகளும் தொண்டி சைக்கிள்களும் நின்று, உள்ளே போகிற குற்றவாளியே பக்கவாட்டில்தான் போக வேண்டியிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் பூங்கா. "ரெண்டே நாள் செல்லமுத்து, கோர்ட்டுல காட்டிப்போட்டு எடுத்துக்கறோம்" என்று ஏட்டு தண்டாயுதபாணி லாரியைப் பூப்பந்துக் களத்தில் நிறுத்தினார். மேற்குப் பாதியின் பின்மூலையில், முகம் வேலியைப் பார்க்க, பின்பக்கம் வலையைப் பார்க்க அது நின்றது. ரெண்டு நாள் ரெண்டு மாசமாயிற்று. டயரில் காற்று இறங்கியது. பேட்டரி எங்கோ நடந்து போய்விட்டது. செல்லமுத்துவின் சம்சாரம் சௌந்திரம் மட்டும் வெயிலில் காய்ந்த பானெட்டின் மேல் வடகம் பிழிந்து, ஒரே நாளில் காய்கிறது என்று லாரியை வாயாரப் புகழ்ந்தாள்.

போட்டி நின்றுபோயிற்று. போட்டி நின்றதும் சைக்கிள்களைப் பார்க்காத கண்ணும் திறந்துகொண்டது. மாசிக் கடைசியில் சின்னண்ணன் சைக்கிளே ஸ்டேஷனுக்குப் போய்விட்டது. ஆனால் பெரிய அடி செல்லமுத்துவுக்குத்தான் வந்தது. நகராட்சி மேனேஜர் பாலசுந்தரம் கூப்பிட்டு விட்டார்.

"ஏப்பா, ரெண்டு மாசமா ஆட்டமே இல்லை. பொழுதுபோக்குன்னு உன்னை எதுக்கு வெச்சிருக்கறது? இந்தச் சனிக்கிழமையும் நடக்கலீன்னா உன்னைக் கொசு மருந்துக்குப் போட்டுருவேன். கமிஷனர் சொல்லிப்போட்டாரு."

"களத்துல லாரி நிக்குதுங்களே."

"அது போலீஸ் சமாச்சாரம். எனக்குப் போட்டி நடக்கோணும்."

கொசு மருந்து என்றால் முதுகில் டப்பாவைக் கட்டிக்கொண்டு சாக்கடை சாக்கடையாகப் போக வேண்டும். செல்லமுத்து ஸ்டேஷனுக்கு ஓடினார். அங்கே இன்ஸ்பெக்டரே முகம் கொடுத்துப் பேசினார். "நானே ஆள் உடலாம்னு இருந்தேன். சனிக்கிழமை டி.எஸ்.பி. இன்ஸ்பெக்‌ஷன் வர்றாரு. சாயங்காலம் போட்டி பாக்கறேன்னுட்டாரு. கண்டிப்பா நடத்திரு."

"அப்ப லாரியைக் கொஞ்சம் நவுத்திட்டீங்கன்னா..."

"அது தொண்டியப்பா. கோர்ட்டுக் கைல இருக்குது. உத்தரவு இல்லாம ஒரு இஞ்சு நவுத்த முடியாது. வேற ஏதாவது பண்ணு."

வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைத்தவர் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"ஏனுங்க, ரசம் காரமுங்களா?" என்றாள் சௌந்திரம்.

"லாரியை நவுத்தக் கூடாதுங்கறாங்க. போட்டியை நிறுத்தக் கூடாதுங்கறாங்க."

"அப்ப ரெண்டையும் வெச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு அவள் மோர் எடுக்க உள்ளே போனாள். அவள் வடகத்தை மனதில் வைத்துத்தான் சொன்னாள். செல்லமுத்துவுக்கோ அது வேறு மாதிரி போய் விழுந்தது. பெரியவர்கள் இரண்டு பேரும் சொன்னதை அட்சரம் பிசகாமல் செய்துவிட்டால் தன்னை யார் கேட்பார்கள்? டி.எஸ்.பி. வந்து கண்ணால் பார்க்கட்டும்.

சனிக்கிழமை மத்தியானம் அவர் கோடு போட்டார். சுண்ணாம்புக் கோடு நேராக வந்து லாரியின் டயரில் ஏறி, அடியில் புகுந்து, அந்தப் பக்கம் வெளியே வந்து, தன் பாட்டுக்கு மூலைக்குப் போயிற்று.

தண்டாயுதபாணி சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தார். "ஏப்பா! தொண்டிக்கே சுண்ணாம்பு அடிக்கறயா?"

"கோடு அங்கதானுங்க வருது ஏட்டையா. லாரிதான் நடுவுல வந்திருக்குது."

"லாரி மேல பந்து உழுந்தா?"

"களத்துக்குள்ள உழுந்த மாதிரிதானுங்க. களத்துக்குள்ளதானுங்களே நிக்குது."

ஏட்டையா கொஞ்சம் யோசித்தார். பூவா தலையா போட்டால் வழக்கப்படி போலீஸ் ஜெயிக்கும், லாரி இல்லாத பக்கத்தை எடுத்துக்கொள்ளலாம், நகராட்சிக்காரன் லாரியோடு மல்லுக்கட்டட்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். மீசையைத் தடவிக்கொண்டு சரி என்றார்.

சாயங்காலம் ஊரே வந்துவிட்டது. களத்துக்குள் லாரி நின்று பூப்பந்து ஆடுகிறது என்றால் ராசிபுரத்துக்குப் படம் பார்க்கப் போகிறவன்கூட பஸ்ஸை விட்டு இறங்கிவிடுவான். டி.எஸ்.பி. நல்ல உயரம், வெள்ளை பேண்ட், சிரிக்காத முகம். லாரியைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார், இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் வானத்தைப் பார்த்தார். பொழுது இறங்கிக்கொண்டிருந்ததால் ஒரே ஆட்டம், இருபத்தொன்பது பாயின்ட், பாதியில் பக்கம் மாற்றிக்கொள்வது என்று முடிவாயிற்று.

முதல் பாதி போலீசுக்குக் கல்யாண விருந்து. தண்டாயுதபாணி பந்தை உயரத் தூக்கி லாரிக்குள் போட்டார். லாரிக்குள் யார் போய் எடுப்பது? பாயின்ட். மறுபடியும் தூக்கினார். பாயின்ட். லாரிக்குக் காவல் நின்ற கான்ஸ்டபிள் வீரபாகு தென்காசிப் பக்கத்திலிருந்து புதிதாக வந்த பையன். அவன் ஒவ்வொரு தடவையும் சக்கரத்தில் கால் வைத்துத் தாவி ஏறிப் பந்தைச் சிரித்துக்கொண்டே எடுத்துப் போட்டான். "சின்னண்ணா, லாரிக்கு ஒரு பேட்டைக் குடுத்துரு, அதும் ஆடட்டும்" என்று வேலிக்கு வெளியே ஒருவன் கத்தினான். நகராட்சி நாலே நாலு பாயின்டில் தவித்தபோது பக்கம் மாறியது.

இப்போது லாரி போலீஸ் பக்கம். ஏட்டையாவுக்கு இது முன்பே தெரியும். ஆனால் நகராட்சிக்காரன் தோற்கத்தான் ஆடுவான் என்ற தைரியம். சின்னண்ணனுக்கோ ஸ்டேஷனில் நிற்கும் தன் சைக்கிள் கண்ணில் வந்து நின்றது. அவர் பந்தை மெத்தென்று ஒரு தூக்குத் தூக்கினார். லாரிக்குள் விழுந்தது. மறுபடியும் தூக்கினார்.

"சின்னண்ணா, கொஞ்சம் பாத்துப் போடு" என்று ஏட்டையா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

"எங்க போட்டாலும் அங்கயே போவுதுங்க ஏட்டையா. காத்து அந்தப் பக்கமுங்க."

செல்லமுத்துவுக்கு ஒரு பக்கம் சந்தோஷம், ஒரு பக்கம் பயம். போட்டி நடந்தால் போதும் என்று வந்தவர், ஜெயித்துத் தொலைத்தால் என்ன ஆகுமோ என்று தன்னிடம் வந்த பந்தை வேண்டுமென்றே வலையில் அடித்தார். அது வலையின் மேல் நூலில் தட்டி அந்தப் பக்கம் தொப்பென்று விழுந்து பாயின்டாயிற்று. கூட்டம் விசிலடித்தது. நகராட்சி எட்டிப் பிடித்தது, தாண்டியும் விட்டது. டி.எஸ்.பி. தாகத்துக்குக் கேட்டார், வீரபாகு ஓடிப்போய் ஒரு கோலிசோடாவை உடைத்துக் கொடுத்துவிட்டுத் தன் இடத்துக்கு வந்து நின்றான்.

நகராட்சி இருபத்தாறில் இருந்தபோது ஒரு பந்து லாரிக்குள் போயிற்று. வீரபாகு அசையவில்லை.

"எடுத்துப் போடுங்க சாமி" என்றார் செல்லமுத்து.

"ஏற முடியாதுண்ணே. தொண்டில்லா? கோர்ட்டு உத்தரவு வேணும்."

"இத்தன நேரம் ஏறுனீங்களே!"

"அது மறதியில ஏறிட்டேன்."

நகராட்சியிடம் இருந்தது மூன்று பந்து. இரண்டாவது பந்தில் ஆட்டம் தொடர்ந்தது. அதுவும் லாரிக்குள் போயிற்று. இருபத்தெட்டு. கடைசிப் பந்தை எடுத்து இரண்டு பக்கமும் மாறி மாறி அடித்தார்கள். யாரும் தப்பு விடவில்லை. ஏட்டையா பின்னால் ஓடி எட்டி ஒரு அடி அடித்தார். பந்து பின்பக்கமாக எகிறி லாரிக்குள் தானே போய் விழுந்தது. நியாயப்படி நகராட்சிக்கு இருபத்தொன்பது. ஆனால் ஏட்டையாவின் பேட் வலையில் பட்டுவிட்டது, அதனால் அந்தப் பாயின்ட் செல்லாது, திரும்ப ஆட வேண்டும் என்று நடுவராக நின்ற மேனேஜர் பாலசுந்தரம் தீர்ப்புச் சொன்னார். வலை எங்கே இருக்கிறது, ஏட்டையா எங்கே இருந்தார், வலையில் பட்டால் எதிர்ப்பக்கத்துக்கல்லவா பாயின்ட் என்று யாரும் கேட்கவில்லை. மேனேஜருக்கும் சைக்கிள் உண்டு.

திரும்ப ஆடப் பந்து இல்லை. பூப்பந்து வாங்கச் சேலத்துக்குத்தான் போக வேண்டும்.

"ஏறி எடுங்கப்பா!" என்று கூட்டம் கத்தியது. சின்னண்ணன் சக்கரத்தில் கால் வைத்தார். வீரபாகு கம்பைக் குறுக்கே நீட்டினான். "தொண்டியில கை வச்சா கேஸாயிரும்ணே." கூட்டம் ஓவென்று சிரித்தது. அந்தச் சிரிப்பு மெல்லத் திரும்பி, நாற்காலியில் இருந்த டி.எஸ்.பி.யின் மேல் வந்து நின்றது.

அவர் எழுந்தார். "நகராட்சி விளையாட்டுக் களத்துல போலீஸ் லாரி எதுக்கய்யா நிக்குது?" என்றார் இன்ஸ்பெக்டரிடம், ஊருக்கே கேட்கும்படி. "ஜனங்க சிரிக்கறாங்க, உங்களுக்குக் காதுல விழலையா? இப்பவே எடுங்க."

"சார், கோர்ட்டு உத்தரவு..."

"ஒரு சுவத்துக்கு இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் போறதுக்கு எந்தக் கோர்ட்டய்யா உத்தரவு போடும்? தள்ளுங்க!"

இன்ஸ்பெக்டர் ஸ்டியரிங்கைப் பிடிக்க, போலீஸ் ஐவரும் நகராட்சி ஐவரும் தோளைக் கொடுத்தார்கள். வேலியும் சுவரின் ஒரு மூலையும் போயிற்று. லாரி ஸ்டேஷன் வாசலை முழுதாக அடைத்துக்கொண்டு நின்றது. பந்துகள் அதற்குள்ளேயே கிடந்தன. ஆட்டம் சமன் என்று அறிவித்தார்கள். டி.எஸ்.பி. செல்லமுத்துவைக் கூப்பிட்டு, "களத்தை நல்லா வெச்சிருக்கறே" என்று கை கொடுத்தார். மேனேஜர் அதைப் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். கொசு மருந்துப் பேச்சை அதற்கப்புறம் யாரும் எடுக்கவில்லை. மறு வருஷம் செல்லமுத்து நிரந்தரமானார். அந்த லாரிக்காகத் துக்கப்பட்டது சௌந்திரம் ஒருத்திதான்.

பந்தை எடுக்க விடாமல் செய்தது ஏட்டையாதான் என்பதில் செல்லமுத்துவுக்குச் சந்தேகமே இல்லை. மாசாமாசம் போட்டியில் கிண்டுவார். "கண்ணைக் காட்டி அந்தப் பையனை நிறுத்திப் போட்டீங்களே ஏட்டையா!" "திருச்செங்கோட்டு மலை மேல சத்தியமா நான் இல்லடா" என்று தண்டாயுதபாணி தலையில் அடித்துக்கொள்வார். மலை மேல் சத்தியம் செய்கிற போலீஸ்காரரை யார் நம்புவது? அவர் ரிட்டையராகிப் போகும்வரை செல்லமுத்து நம்பவில்லை.

எண்பத்தாறில் வீரபாகு ஏட்டாகி வேறு ஊருக்கு மாற்றலாகிப் போகிற அன்றைக்குத்தான், பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து போண்டாவைப் பிய்த்துக்கொண்டே சொன்னான். கோலிசோடாவைக் கையில் வாங்கும்போது, முகத்தைக் களத்தை விட்டுத் திருப்பாமல், டி.எஸ்.பி.தான் சொன்னாராம்: "தம்பி, இனிமே ஏறாதே. நம்ம ஆளுங்க தோத்துருவானுங்க."