தூக்க விடாமல் தடுத்த பெண்

இரண்டு வருடத்துக்கு முன், ஆடி மாதச் சாரல் நன்றாக விழுந்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, குற்றாலம் ஐந்தருவிப் பக்கம் நடந்தது இது. எங்கள் வீடு குத்துக்கல்வலசையில். சீசன் வந்துவிட்டால் சொந்தக்காரர்கள் சொல்லாமலே வந்து இறங்குவார்கள். அன்றைக்கு ராயகிரியிலிருந்து என் அண்ணன் வந்திருந்தார். போலீஸ் வேலையில் இருப்பவர். அவரும் நானும், ஏழாவது படித்துக்கொண்டிருந்த என் மகளும் குளிக்கப் போனோம். என் வீட்டுக்காரர் கடை திறக்கணும் என்று வரவில்லை.

குளித்துவிட்டு வந்ததும் மகள் ஒரு கைப்பிடிச் சுவரில் ஏறி உட்கார்ந்து மிளகாய் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தாள். "எறங்குட்டி, வழுக்கும்" என்று நான் சொல்லி வாயை மூடுவதற்குள் ஒரு குரங்கு வந்து பொட்டலத்தைப் பிடித்து இழுத்தது. பயந்து பின்னால் சாய்ந்தவள், சுவருக்கு அந்தப் பக்கம் மல்லாக்க விழுந்துவிட்டாள். ஓர் ஆள் உயரம் இருக்கும்.

சுற்றிக்கொண்டு ஓடினோம். கண்ணைத் திறந்தபடி கிடந்தாள். அழவில்லை. அண்ணன் குனிந்து அவள் அக்குளில் கையைக் கொடுத்தார்.

"தூக்கண்டா! தூக்க வேண்டாம்!"

ஈர நைட்டியும் தோளில் துண்டுமாக ஒரு கேரளத்துப் பெண் ஓடி வந்தாள். முப்பது வயது இருக்கும். அண்ணனைப் பிடித்துத் தள்ளிவிட்டு, மகளின் தலைமாட்டில் மண்டியிட்டு, தலையை இரண்டு பக்கமும் அசையாமல் பிடித்துக்கொண்டாள்.

"யாரும்மா நீ? கைய எடு. எம் மருமவள நான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போணும்."

"ஆம்புலன்ஸ் வரட்டும் சேட்டா. அதுவரைக்கும் தொடண்டா."

"நீ என்ன டாக்டரா?"

"டாக்டர் இல்ல. என் தம்பி சின்னதுல மரத்துலேருந்து விழுந்தான். எல்லாரும் ஓடி வந்து தூக்கினாங்க. இப்பவும் படுக்கையிலதான் கிடக்கான். போதுமா?"

அண்ணன் எழுந்து போனை எடுத்தார்.

ஆனால் கூட்டம் விடவில்லை. "ஆட்டோவுல போட்டா இதுக்குள்ள தென்காசி போயிருக்கலாம்லா" என்றார் ஒருவர். "சுளுக்காத்தான் இருக்கும், எண்ணெய் போட்டு உருவி விட்டாச் சரியாயிரும்" என்றார் இன்னொருவர். ஒரு அம்மா தண்ணீர்ப் பாட்டிலோடு வந்தார். எல்லாரும் நல்ல மனதோடுதான் சொன்னார்கள். எனக்கும் உள்ளே அதே துடிப்புதான். பெற்ற பிள்ளை மண்ணில் கிடக்கும்போது எடுத்து மடியில் போடாமல் எப்படி நிற்பது? குற்றாலநாதா, குற்றாலநாதா என்று புலம்பிக்கொண்டே அவளைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

"சேச்சி, நடக்காதீங்க. நீங்க போற பக்கமெல்லாம் இவ கழுத்தைத் திருப்பப் பாக்குறா. இங்க வாங்க. நீங்க பிடிங்க."

மண்டியிட்டேன். முழங்கையைத் தரையில் ஊன்றச் சொல்லி, என் கையைத் தன் கைக்கு அடியில் வைத்து, மெதுவாகத் தன் கையை உருவிக்கொண்டாள். "இனி நீங்க அனங்கக் கூடாது. அசையவே கூடாது. அழவும் கூடாது." நான் தலைகீழாக என் பிள்ளையின் முகத்தைப் பார்த்தேன்.

"எம்மா, ஒன் முடித் தண்ணி என் கண்ணுல சொட்டுது."

"பொறுத்துக்கட்டி."

"அந்தக் கொரங்கு பஜ்ஜிய எல்லாம் தின்னுட்டா?"

"தின்னுட்டு."

பிறகு, "எம்மா, என் காலு எங்கன இருக்கு?" என்றாள்.

கையை அசைக்காமல், "இங்கனதான் இருக்குட்டி. நான் பாக்கேம்லா" என்றேன். அந்தப் பெண் மகளின் பாதத்தில் கை வைத்துப் பார்த்துவிட்டு, என் முதுகில் தட்டிக்கொடுத்தாள். நாள் தவறாமல் சாமி கும்பிடுகிறவள் நான். அன்றைக்குக் கை இரண்டையும் சேர்த்துக் கும்பிட வழியில்லை. மகள் தலைதான் என் கைக்குள் இருந்தது.

சீசன் நெரிசலில் ஆம்புலன்ஸ் ஊர்ந்துதான் வந்தது. சைரன் கேட்கும், ஆனால் கிட்டத்தில் வராது. அண்ணன் ரோட்டில் இறங்கி, கார்க்காரர்களைச் சத்தம் போட்டு விலக்கிக்கொண்டிருந்தார். எனக்கு எழுந்து ஓடி, அந்த வண்டியை நானே இழுத்து வந்துவிடலாமா என்று இருந்தது. வந்தவர்கள் கழுத்தில் பட்டை மாட்டி, நாலு பேர் சேர்ந்து ஒரே மூச்சில் புரட்டிப் பலகையில் ஏற்றினார்கள். நான் பின்னாலேயே ஏறினேன். கதவு சாத்திய பிறகுதான், அந்தப் பெண்ணின் பெயரைக்கூடக் கேட்கவில்லை என்று உறைத்தது.

தென்காசியில் பார்த்துவிட்டுத் திருநெல்வேலிக்கு அனுப்பினார்கள். கழுத்தெலும்பு உடைந்திருந்தது. உள்ளே இருக்கும் தண்டுவடம் அறுந்துபோகவில்லை, நசுங்கி வீங்கித்தான் இருக்கிறது என்றார் டாக்டர். "கழுத்தை மடக்கித் தூக்கியிருந்தீங்கன்னா நான் வேற மாதிரிப் பேசிக்கிட்டு இருப்பேன்மா" என்றார். ஆபரேஷன் நடந்தது. பல நாள் கழித்து ஒரு காலை வேளையில் வலது கால் பெருவிரல் அசைந்தது. அண்ணன் வார்டு வராந்தாவில் உட்கார்ந்து சத்தமாக அழுதார். அதன் பிறகு எத்தனையோ மாதப் பயிற்சி. இப்போது நடந்தே பள்ளிக்கூடம் போகிறாள். இடது கால் மட்டும் கொஞ்சம் இழுக்கும்.

அடுத்த சீசனில் ஐந்தருவிக்குப் போய், கேரளத்திலிருந்து செங்கோட்டை வழியாக வந்து இறங்கும் வேன்களில் எல்லாம் அந்த முகத்தைத் தேடினேன். கிடைக்கவில்லை. வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது அவள் தம்பிக்காக முதலில் வேண்டிக்கொள்கிறேன். அவன் விழுந்த அன்றைக்கு ஓடி வந்து தூக்கியவர்களும் எங்களைப் போலப் பாசத்தில் பதறியவர்கள்தானே என்று நினைக்கும்போது, மகள் எதிரே நடந்து வருவதைப் பார்த்தும்கூட என் மனம் ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது.