யம்புகாவில் ஒரு மருத்துவிச்சி இருந்தாள்

ஜெர்மனியின் டோர்ட்மண்டில் இருந்துகொண்டே பப்புவா மலைநாட்டுக் கிராமம் ஒன்றை வீடு வீடாக அறிந்து வைத்திருந்தவள் பேர்பெச்சுவா ஒருத்திதான். கிராமத்தின் பெயர் யம்புகா. சின்ன விமானம் இறங்கும் புல்வெளியிலிருந்து ஒன்றரை நாள் நடக்கவேண்டும். வழியில் ஆற்றுக்கு மேலே ஒரு பிரம்புப் பாலம். மழைக்காலத்தில் அதை நம்பமுடியாது. வீடுகளுக்கு ஜன்னல் கிடையாது. நடுவீட்டில் நெருப்பு எரியும், புகை கூரைப்புல் வழியாகத்தான் வெளியேறவேண்டும், வெளியேறும்வரை எல்லாரும் இருமுவார்கள். பெண்களும் பிள்ளைகளும் பன்றிகளும் ஒரு வீட்டில், ஆண்கள் தனியாக இன்னொரு வீட்டில். காலையிலும் மாலையிலும் சர்க்கரைவள்ளி என்கிற வத்தாளங்கிழங்கு. கிழங்கு, விறகு, கைக்குழந்தை எல்லாவற்றையும் வலைப்பையில் போட்டு, பிடியை நெற்றியில் மாட்டிக்கொண்டு பெண்கள் மலை ஏறுவார்கள். ஆண்கள் எதைச் சுமப்பார்கள் என்று அவள் ஒருமுறை கேட்டாள். "கோடரியை" என்றார் சுவாமி. அவளுக்குச் சிரிப்பு வந்தது. மன்னாரிலும் கணக்கு ஏறக்குறைய அதுதான்.

சுவாமி என்றது பாதர் றைன்ஹோல்டை. யம்புகாவில் பதினாறு வருடம் இருந்துவிட்டு, முழங்கால் பழுதாகித் திரும்பி வந்தவர். ஞாயிறுதோறும் ஒவ்வொரு பங்காகப் போய் ஸ்லைட் காட்டி மலைநாட்டுக்கு உதவி கேட்பார். 1986இல் அகதி முகாமுக்கு உடுப்பு கொடுக்க வந்தபோதுதான் பேர்பெச்சுவாவைக் கண்டார். அவள் மன்னார் ஆசுபத்திரியில் பதினோரு வருடம் மருத்துவிச்சியாக இருந்தவள். இங்கே அகதி விண்ணப்பம் முடியும்வரை வேலை செய்ய அனுமதி இல்லை. மூவாயிரம் பிள்ளைகளைப் பூமிக்குக் கொண்டுவந்த கைகள் முகாமில் சும்மா கிடந்தன. சும்மா இருப்பதைவிட வந்து ஸ்லைட்டுகளைத் துடைத்து அடுக்கித் தரலாமே என்றார் சுவாமி. அவளும் போனாள்.

இரண்டாவது வாரம் ஒரு படம் கையில் வந்தது. மழையில் கரைந்த மண்மேடு, அதன்மேல் கம்புச் சிலுவை. தாயும் பிள்ளையும் ஒரே குழியில் என்றார். அங்கே பெண்கள் ஊருக்கு வெளியே ஒரு குடிசையில் தனியாகப் போயிருந்துதான் பிள்ளை பெறுவார்கள். கைகொடுக்க ஒருவரும் இல்லை. பேர்பெச்சுவா அழுதுவிட்டாள். "உன்னைப்போல ஒருத்தி அங்கே வேண்டும். உன் பத்திரங்கள் சரியானதும் நானே அனுப்பி வைக்கிறேன்" என்றார் சுவாமி.

அன்றிலிருந்து அவளுக்கு உயிர் திரும்பி வந்தது. அந்தப் பாஷையில் சொற்கள் கேட்டு எழுதினாள்: நோகுதா, முக்கு, மூச்சை விடு. கொதிநீர் வைக்கப் பானை போதுமா, நூல் எங்கே கிடைக்கும், இருட்டில் எந்த விளக்கு என்று கொப்பி நிறையக் குறித்தாள். கனடாவிலிருந்து தம்பி லோறன்ஸ் எழுதினான்: உன்னை இங்கே எடுக்க ஒரு கோயில் சபை ஸ்பொன்சர் பண்ணச் சம்மதித்திருக்கு, உடனே பதில் போடு. தான் பப்புவாவுக்குப் போவதாக அவள் பதில் போட்டாள். தம்பி அதற்குப் பிறகு ஒரு வருடம் எழுதவில்லை.

முகாமில் பக்கத்துக் கட்டில்காரி டொறத்திக்கு இது பிடிக்கவே இல்லை.

"அக்கா, சுவாமி எழுத்திலை ஏதும் தந்தவரோ?"

"சுவாமியட்டைப் போய்க் கடுதாசி கேக்கிறதோ? உனக்கென்ன விசரே?"

"இந்த நாட்டிலை ஒரு கட்டில் மாத்திறதுக்கும் Antrag எண்டு விண்ணப்பம் எழுதிக் குடுக்கிறம். நீங்கள் வாய்ச்சொல்லிலை பப்புவாவுக்குப் போறியளோ?"

"சுவாமி சொன்னால் சொன்னதுதான்."

பேர்பெச்சுவாவைக் குறைசொல்ல மனம் வராது. அங்கியைக் கண்டதும் எழுந்து நிற்க மூன்று வயதில் பழக்கப்பட்டவள். நகரசபைக்காரர் சொன்னால் முத்திரை கேட்பாள், வக்கீல் சொன்னால் நகல் கேட்பாள். சுவாமியிடம் மட்டும் முழந்தாளிட்டு ஆசீர்வாதம் கேட்பாள்.

1988 ஐப்பசியில் சுவாமி முழங்கால் சிகிச்சைக்குப் போயிருந்த நாளில், வெற்று ஸ்லைட் சட்டம் தேடிக் கடைசித் தட்டிலிருந்த சப்பாத்துப் பெட்டி ஒன்றைத் திறந்தாள். உள்ளே நிறைய ஸ்லைட்டுகள். ஒன்றை ஜன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்தாள். யம்புகாதான், பின்னால் நிற்கும் மலை அவளுக்கு மனப்பாடம். ஆனால் முன்னால் தகரக் கூரை போட்ட மருந்துச்சாலை, தண்ணீர்த் தொட்டி, வளைமரத்தில் தொங்கும் பிள்ளைத் தராசு. வெள்ளைச் சீருடையில் அந்த ஊர்ப் பெண் ஒருத்தி, குழந்தையை ஏந்தியபடி வாய் நிறையச் சிரித்துக்கொண்டு நின்றாள். சட்டத்தில் சுவாமியின் கையெழுத்து: மருத்துவிச்சி வேரோ, 1979.

அதே பெட்டியில் பேர்பெச்சுவாவும் இருந்தாள். முகாமுக்கு வந்த புதிதில், சீலை உடுத்து, சான்றிதழை நெஞ்சோடு பிடித்து நிற்கும் படம். அதே நாளில் பனியில் செருப்போடு குந்தியிருந்தபோது எடுத்த படம் எங்கே என்று தேடினாள். அது அகதிகள் என்று எழுதிய தட்டில், ஊர் ஊராகக் காட்டும் வரிசையில் மூன்றாவதாக இருந்தது.

நெஞ்சு பற்றி எரிந்தது. தான் ஏமாந்தது ஒருபக்கம். வேரோவை நினைக்க அதைவிட ஆத்திரம் வந்தது. ஒன்பது வருடமாக அவளைப் பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டு, அவளுடைய ஊரில் கைகொடுக்க ஆளில்லை என்று சொல்லித் திரிந்திருக்கிறார்.

சுவாமி திரும்பி வந்ததும் நின்றபடியே கேட்டாள். அவர் கோபிக்கவில்லை. கோபித்திருந்தாலாவது பரவாயில்லை.

"தகரக் கூரையைக் காட்டினால் யார் உதவுவார்கள், பேர்பெச்சுவா? அந்தத் தாயும் பிள்ளையும் செத்தது உண்மைதானே. வேரோ அன்றைக்குப் பக்கத்து ஊருக்குப் போயிருந்தாள்."

"என்னை அனுப்புறன் எண்டது?"

"நீ அப்போது மிகவும் உடைந்து போயிருந்தாய். உனக்கு ஒரு நம்பிக்கை தேவைப்பட்டது."

நோயாளிக்கு மருந்தென்று சொல்லிச் சீனிக்குளிசை கொடுத்த வைத்தியர்போல அமைதியாகச் சொன்னார். அவள் போட்ட இரண்டு வருடத்துக்கும் கைவிட்ட கனடாவுக்கும் அவ்வளவுதான் மறுமொழி.

அடுத்த ஞாயிறு கெல்சென்கிர்ச்சனில் ஒரு பங்கு மண்டபம். வழக்கம்போல பேர்பெச்சுவாதான் புரொஜெக்டரை இயக்கினாள். மண்மேட்டுப் படத்துக்கு அடுத்து வேரோவைச் செருகியிருந்தாள். அதற்கடுத்து சான்றிதழோடு தன்னை.

மண்மேடு வந்தது. மண்டபம் பெருமூச்சு விட்டது. பொத்தானை அழுத்தினாள். சுவர் முழுக்க வேரோ சிரித்தாள்.

சுவாமி ஒரு கணம்தான் தடுமாறினார்.

"பாருங்கள்! உங்கள் உதவியால் இன்று அங்கே ஒரு மருத்துவிச்சி இருக்கிறாள்!"

மண்டபம் கைதட்டியது. அடுத்து பேர்பெச்சுவா சுவரில் தோன்றினாள்.

"இது எங்கள் பேர்பெச்சுவா. அகதியாய் வந்தாள். உங்கள் அன்பால் இன்று தலைநிமிர்ந்து நிற்கிறாள். அதோ, அங்கே இருக்கிறாள்!"

எல்லாரும் திரும்பிப் பார்த்து அவளுக்கும் கைதட்டினார்கள். முன்வரிசைக் கிழவி ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பேர்பெச்சுவா எழுந்தாள். அவர்களுடைய டொச் மொழியில், ஒவ்வொரு சொல்லாக, தெளிவாகச் சொன்னாள்: "வேரோ அங்கே எழுபத்தொன்பதிலேயே இருந்தாள். உங்களுக்கு அதைச் சொல்லவில்லை. எனக்கும் சொல்லவில்லை."

சிலர் சுவாமியைத் திரும்பிப் பார்த்தார்கள். சுவாமி அவளை ஒரு தகப்பனைப்போலக் கனிவோடு பார்த்தார்.

"பாவம், அவளுக்கு இன்னும் டொச் சரியாக வராது" என்றார்.

அத்தனை முகங்களும் அவளைப் பார்த்து அன்பாகச் சிரித்தன.