நீலச் சட்டைக்குப் போதுமான தகவல்

கணக்கு எனக்கு நன்றாக வரும். அந்தத் திமிரோடுதான் டெக்னீஷியன் தேர்வில் போய் உட்கார்ந்தேன், தோற்றேன். செனாயில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் அதை இரண்டு முறைதான் எழுத விடுவார்கள். தேறினால் நீலச் சட்டை, பகல் வேலை. இல்லையென்றால் கடைசிவரை வெள்ளைச் சட்டை, மாறி மாறி ஷிப்ட். இரவு வேலை முடிந்து நான் வரும்போது மகள் பள்ளிக்குப் போயிருப்பாள். அது எனக்குப் பொறுக்கவே இல்லை.

என்னைக் கவிழ்த்தது ஒருவகைக் கேள்வி. கீழே இரண்டு தகவல் இருக்கும். விடையைக் கேட்க மாட்டான். விடை சொல்ல அந்தத் தகவல் போதுமா, போதாதா என்று மட்டும் கேட்பான். இது என்ன கூத்து! விடையைக் கேட்டால் சொல்லிவிட்டுப் போகிறேன்.

மறுபடி எழுதத் தயாரானபோது, கூலாயில் எங்கள் வீட்டில் என் பயிற்சித் தாள்களைக் கணவர்தான் திருத்தினார். சிம்பாங் ரெங்கத்தில் புறப்படும் பஸ் கூலாய்க்கு எப்போது வரும் என்றொரு கேள்வி. புறப்பட்ட நேரமும் வேகமும் கொடுத்திருந்தார்கள். இரண்டும் சேர்ந்தால் போதும் என்று எழுதியிருந்தேன்.

"தப்பு," என்றார்.

"எப்படி லா தப்பாகும்?"

"தூரம் எங்க குடுத்திருக்கான்?"

"சிம்பாங் ரெங்கம் எங்க அம்மா வீடு! மாசா மாசம் போறோம், தூரம் எனக்குத் தெரியாதா?"

"உனக்குத் தெரியும். தாள்ல இல்லையே!"

பென்சிலை வீசினேன். விழுந்து விழுந்து சிரித்தார் மனுஷன். ஆனால் என் கோளாறு அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. தெரிந்ததையெல்லாம் நானே சேர்த்துக்கொண்டு முடிவுக்கு ஓடிவிடுகிறேன். அதன்பிறகு வீட்டில் யார் எதைச் சொன்னாலும், "எத வெச்சு சொல்றீங்க?" என்று கேட்டு எல்லாரையும் வதைத்தேன்.

இரண்டாம் முறை எழுதிய பிறகு ஒருநாள் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். அங்கிருந்த மலாய் அதிகாரி சிரித்தார். அவர் எல்லாரையும் பார்த்துச் சிரிப்பவர். போதாது. உட்காரச் சொன்னார். தோற்றபோதும் இதே நாற்காலியில்தான் உட்கார்ந்தேன். இரண்டும் சேர்ந்தாலும் போதாது.

அவர் கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல், நீலச் சட்டை என்ன சைஸ் வேண்டும் என்று மலாயில் கேட்டார்.

அது ஒன்றே போதும். சைஸைச் சொல்ல வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது.