சனிக்கிழமைச் சீட்டும் ஞாயிற்றுக்கிழமைக் குழம்பும்

இருபத்தாறு வருடம் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு ஊர் ஊராக அலைந்துவிட்டு, முழங்கால் இரண்டும் மக்கர் செய்யத் தொடங்கியதும் திருச்செங்கோட்டுக்கே திரும்பி வந்தவர் சின்னராஜ். மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்று அவர் போர் போடாத சீமையில்லை. வேலையில்லாத நாட்களில் கூடாரத்துக்குள் மூணு சீட்டு நடக்கும். அதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. கையில் ஒன்றுமே இல்லாமல் மீசையைத் தடவிக்கொண்டு பந்தயத்தை ஏற்றுவார். எதிரே இருப்பவன் வேர்த்துப்போய்ச் சீட்டைக் கவிழ்த்துவிடுவான். 'பொய்க்கை சின்னராஜ்' என்று பட்டமே கொடுத்திருந்தார்கள். மனிதருக்கு அதில் வெட்கமெல்லாம் இல்லை, பெருமைதான்.

அந்தப் பெருமை சொந்த வீட்டில் செல்லுபடியாகவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் அவர் வீட்டுக் கூடத்தில் மூன்று பெண்கள் சீட்டாடுவது நெடுநாள் வழக்கம். மனைவி வசந்தாமணி, பக்கத்து வீட்டு அங்கம்மாள், அங்கம்மாளின் மருமகள் தனப்பிரியா. ஆளுக்கு ஐம்பது புளியங்கொட்டை. கடைசியில் யாரிடம் கொட்டை அதிகமோ, அவர் சொல்லும் குழம்புதான் மறுநாள் இரண்டு வீட்டுக்கும். சின்னராஜை நான்காவது ஆளாகச் சேர்த்துக்கொண்டார்கள்.

அவருக்கு வேண்டியது பள்ளிபாளையம் சிக்கன். கூடாரத்தில் காய்ந்த ரொட்டியைக் கடித்த காலமெல்லாம், வரமிளகாயும் தேங்காய்ச் சில்லும் போட்ட அந்தக் கோழியை நினைத்தேதான் விழுங்கினார். கேட்டால் வசந்தாமணி செய்து கொடுக்க மாட்டாளா என்ன? ஆனால் கேட்டு வாங்கித் தின்றால் விருந்தாளி, ஜெயித்துத் தின்றால்தான் வீட்டுக்காரன் என்று ஒரு வீம்பு. வந்து இரண்டு மாதமாகியும் தன் வீட்டிலேயே விருந்தாளி போல இருப்பது அவரை உறுத்திக்கொண்டே இருந்தது.

முதல் சனிக்கிழமை, கையில் இருப்பதிலேயே பெரியது ஒரு பத்து. மீசையைத் தடவினார். "எட்டு!" என்று சட்டென்று கொட்டைகளைத் தள்ளினார்.

"தம்பி இத்தன வெக்கிறாருன்னா என்னமோ இருக்கும். பாத்துப்போடலாம்" என்று அங்கம்மாளும் எட்டு வைத்தாள்.

"பாக்காம உட்டா எனக்குச் சோறு எறங்காதுங் மாமா" என்று தனப்பிரியாவும் வைத்தாள்.

வசந்தாமணி அவர் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு எட்டை நகர்த்தினாள். சீட்டைத் திருப்பியதும் கூடமே சிரித்தது. ஐந்து வாரம் இதே கதை. ஐந்து ஞாயிறும் கொள்ளும் பச்சைப்பயிறும்தான்.

ஆறாவது வாரம்தான் அவருக்கு மண்டையில் உறைத்தது. இவர்கள் தாமாக ஏற்ற மாட்டார்கள். ஆனால் ஏற்றினால் விடவும் மாட்டார்கள். ஜெயிப்பதைவிட எதிராளி கையில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதில்தான் இவர்களுக்கு ருசி. தோற்கப் பயமில்லாதவரிடம் பூச்சாண்டி காட்டி என்ன பயன்?

அன்று முதல் பொய்க்கையை மூட்டை கட்டினார். சீட்டு மோசமா, சத்தமில்லாமல் கவிழ்த்தார். நல்ல கை வந்தால் கூச்சப்படாமல் ஏற்றினார்; பாவம், மூவரும் வரிசையாக வந்து வைத்துவிட்டுப் போனார்கள். ஒருமுறை, எப்போதும் ஏற்றாத அங்கம்மாள் திடீரென்று ஆறு ஏற்றினாள். சின்னராஜிடம் ஜோடி ராஜா இருந்தது. இருந்தும் கவிழ்த்தார்.

"அடடா, ஓடிப்போட்டாரு!" என்றாள் அங்கம்மாள். அவள் கையில் மூன்று ஒன்பது. தப்பித்த சந்தோஷத்தில் சின்னராஜ் தன் தொடையையே தட்டிக்கொண்டார்.

கடைசி ஆட்டம். வசந்தாமணியிடம் அறுபது கொட்டை, அவரிடம் ஐம்பத்தைந்து. சீட்டை விரித்தார். மூன்றும் ஏழு.

"பத்து" என்று நிதானமாகத் தள்ளினார்.

அங்கம்மாள் வைத்தாள். தனப்பிரியா வைத்தாள். வசந்தாமணி அவரை வெகுநேரம் பார்த்தாள். பிறகு, இத்தனை வாரத்தில் முதல்முறையாக, சீட்டைக் கவிழ்த்தாள்.

மூன்று ஏழுகளைக் கண்டதும் தனப்பிரியா வாயைப் பிளந்தாள். வசந்தாமணி கவிழ்த்த சீட்டை எடுத்துத் திருப்பினாள். எட்டு, ஒன்பது, பத்து; மூன்றும் ஆட்டீன். மூன்று ஏழுக்கு அடுத்தபடியான கை. "ஏனுங் அத்த, இத்தன நல்ல கையப் போயிக் கவுத்தீங்க?"

"இருவத்தாறு வருசம் போன்ல இவிய பேசறதக் கேட்டவ நானு" என்றாள் வசந்தாமணி. "காச்சலோட படுத்துக்கிட்டு, 'நல்லாருக்கேன், சாப்புட்டேன்'னு வெடுக்குனு சொல்லிப்போட்டு வெப்பாங்க. பொய்யின்னா வேகமா வரும். இன்னிக்கு மெதுவாச் சொன்னாங்க."

கூடாரத்தில் தனியாகக் கிடந்த அத்தனை காய்ச்சலுக்கும் இங்கே ஒருத்தி விழித்திருந்திருக்கிறாள். அவர் எங்கே விருந்தாளி? அன்று அவருக்கு வந்த சந்தோஷத்தை இரண்டு வீடும் சேர்ந்தாலும் கொள்ளாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோழி வாங்கி வந்து, ஒரு கிலோ சின்ன வெங்காயத்தையும் அவரே உட்கார்ந்து உரித்தார். கண்ணில் தண்ணீர் தளும்பியது.

"என்னாச்சுங்க?" என்றாள் வசந்தாமணி.

"வெங்காயம்" என்றார் அவர், வெடுக்கென்று.