ஒரு ஹேண்டில்பார் அகலம்

ராஜாங்கம் ஊரைவிட்டுப் போன அன்று செல்வாம்பாள் இடது கால் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, குதிகாலால் செம்மண்ணை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். 1980 மார்கழி, ஒரு புதன்கிழமை. முந்தின நாள்தான் மழை விட்டிருந்தது. அழுத்திய குழியில் தண்ணீர் கசிந்தால் அன்று, புதிதாக வெட்டத் தொடங்கியிருந்த பாதையில் சைக்கிள் விடக் கூடாது. கசியாவிட்டால் விடலாம். அதற்கு மேல் அவளிடம் அப்பீல் கிடையாது. அன்று கசிந்தது. ஒரு வேலமுள் கிளையை இழுத்து வந்து பாதையின் வாயில் போட்டாள்.

தலையில் தகரப் பெட்டியோடு ராஜாங்கம் வந்து நின்றார்.

“போயிட்டு வரேன், செல்வாம்பா.”

அவள் நிமிரவில்லை. “ஓரமா போ. நடுவுல மிதிக்காத. மண்ணு ஈரம்.”

பத்து வருஷமாக அவரை “வாங்கண்ணே, போங்கண்ணே” என்று கூப்பிட்டவள் அவள். ராஜாங்கம் முள்ளைச் சுற்றி முந்திரித் தோப்புக்குள் இறங்கி, கிளைகளில் பெட்டி இடிக்க இடிக்க நடந்து போனார். வால்பாறையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் ஆள் பேர் எழுதும் வேலை. மச்சான் பிடித்துக் கொடுத்தது. அவர் பஸ் ஏறியதை ஊரில் நாலு பேர் போய்ப் பார்த்தார்கள். செல்வாம்பாள் அதே இடத்தில் மண்வெட்டியோடு இருந்தாள்.

செல்வாம்பாளுக்கு இப்போது நாற்பத்தைந்து வயது. புதுச்சேரியில் ஒரு பஞ்சாலையில் நூலைச் சிட்டம் சிட்டமாகச் சுற்றும் பகுதியில் வேலை. ஆட்காட்டி விரலில் நூல் அறுத்த தழும்பு, தலையில் எந்நேரமும் பஞ்சுத் தூசி. குரல் பெரிது. இயந்திரச் சத்தத்துக்கு நடுவே இருபது வருஷம் பேசிப் பழகிய குரல், திறந்த வெளியில் இன்னும் பெரிதாகக் கேட்கும். வெள்ளை டவுனில் ஒரு வெள்ளைக்காரம்மா ஊருக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன லேடீஸ் சைக்கிளை வைத்திருக்கிறாள். பெல் கிடையாது. வாய் இருக்கும்போது பெல் எதற்கு என்பாள்.

அவள் ஊர் பிள்ளைச்சாவடிக்கு மேற்கே, செம்மண் மேட்டில் இருக்கிறது. அங்கிருந்து ஆலைக்குச் சாலை வழியாகச் சுற்றிக்கொண்டு போனால் ஒன்பது மைல். முதல் பஸ் வருவதற்குள் ஆலையில் மூன்றாவது சங்கு ஊதி கேட்டைச் சாத்திவிடுவார்கள். குறுக்கே மழை அரித்த ஓடைகளின் வழியாக இறங்கினால் ஐந்து மைல்தான். ஆனால் அங்கே ஆடு போகும், சைக்கிள் போகாது. எழுபதுகளின் தொடக்கத்தில் ஆலைக்குப் போகும் ஒன்பது பேர் சேர்ந்து, வார விடுமுறையான புதன்கிழமைகளில் மட்டும் வேலை செய்து, இரண்டு வருஷத்தில் அந்தச் சரிவில் ஒரு பாதை வெட்டினார்கள். யாரும் சொல்லிச் செய்ததில்லை. யாரும் கூலி கொடுத்ததுமில்லை. ஒன்பது பேரில் மண்வெட்டி பிடித்த ஒரே பெண் செல்வாம்பாள். பாதை எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று சொன்னவளும் அவள்தான். மழை பெய்யும்போது கோணிப்பையை முக்காடு போட்டுக்கொண்டு சரிவில் நின்று, தண்ணீர் எங்கே ஓடுகிறது என்று பார்த்துவிட்டு வந்து சொல்வாள்.

அகலத்துக்கு அவள் வைத்த அளவு, தன் சைக்கிளின் ஹேண்டில்பார், இரண்டு பக்கமும் ஒரு சாண். அதற்கு மேல் ஒரு விரல் விட மாட்டாள். “அகலமா வுட்டா மாட்டுவண்டி வரும். வண்டி வந்தா ரெண்டு கோடு கிழிக்கும். கோட்டுல தண்ணி எறங்கும். அப்பறம் அது பாதையா? வாய்க்கா!” சரிவில் நேராக இறங்காமல் பாதை சாய்வாக, பாம்பு போல இறங்கும். இருபது தப்படிக்கு ஒரு இடத்தில் தாழ்த்திவிட்டிருப்பார்கள். மழைத் தண்ணீர் பாதையோடு ஓடாமல் அங்கே குறுக்கே கடந்து போய்விடும். வெளி ஓரத்தில் மண் சரியாமல் இருக்கப் பனந்துண்டுகள். அறுபத்திரண்டு பேர் அதில் தினம் ஆலைக்குப் போய் வந்தார்கள்.

அவர்களில் பாதிப் பேர் அவளிடம் வசை வாங்கியவர்கள். ஈரத்தில் ஓட்டினால் வசை. வளைவைக் குறுக்கே வெட்டினால் அதைவிடப் பெரிய வசை. கல்யாணமாகி மறுவீடு வந்த ஒரு மாப்பிள்ளை, மழை விட்ட மறுநாள், முள்ளைத் தள்ளிவிட்டு உள்ளே வந்துவிட்டார். செல்வாம்பாள் வழிமறித்தாள்.

“எறங்கு.”

“நான் இந்த ஊரு மாப்பிள்ள.”

“மாப்பிள்ளன்னா மண்ணு காஞ்சிடுமா? தூக்கு சைக்கிள.”

பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, புது சைக்கிளைத் தோளில் தூக்கி, அவர் அரை மைல் நடந்தார். மாமியார் வீட்டில் இன்றும் அந்தப் பேச்சு உண்டு.

அவளுடைய கோபம் அதுவரைக்கும் எல்லோரும் சிரித்துக்கொண்டே பொறுத்துப்போன கோபம். 1980க்குப் பிறகு அதில் யாரும் சிரிக்கவில்லை.

அந்த வருஷம் ஆவணியில் சர்க்கார் ஆபீசுக்கு ஒரு மனு போட்டார்கள். பாதை கடக்கிற இரண்டு ஓடைகளிலும் சிமென்ட் குழாய் வைத்துத் தர வேண்டும், அவ்வளவுதான் கோரிக்கை. எழுதியவர் ராஜாங்கம். ஒன்பது பேரில் கையெழுத்து அழகாக இருந்தது அவருக்குத்தான். எழுதி முடித்து, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, எல்லோரும் கேட்கும்படி வாசித்தார். “சாலை அமைத்துத் தருமாறு” என்று வந்தது.

“பாதைன்னுதானே சொன்னோம்?” என்றார் ஒருவர்.

“பாதைன்னு எழுதினா மேசைலேருந்து கீழ தள்ளிடுவான்யா. ஆடு மேய்க்கிறவன் கேட்ட மாதிரி இருக்கும். சாலைன்னு எழுதினாத்தான் எடுத்துப் படிப்பான்.”

எடுத்துப் படித்தார்கள். அதுவரை எந்த மனுவையும் படிக்காதவர்கள் அந்த மனுவை ஒரு எழுத்து விடாமல் படித்தார்கள். புரட்டாசியில் புல்டோசர் வந்தது.

அந்தப் பக்கத்தில் புதுச்சேரியும் தமிழ்நாடும் கட்டம் போட்ட லுங்கி மாதிரி மாறி மாறிக் கிடக்கும். பாதை கீழே போய்ச் சேருவதற்குள் இரண்டு தடவை மாநிலம் மாறும். புல்டோசர் தன் மாநிலத்து எல்லைக்கல் வரைக்கும்தான் வேலை செய்யலாம். அந்தத் துண்டுதான் சரிவிலேயே செங்குத்தான இடம். நாலே நாளில், பன்னிரண்டு அடி அகலத்துக்கு, மேலிருந்து கீழே நூல் பிடித்த மாதிரி நேராக இறக்கினார்கள். தண்ணீர் கடக்கத் தாழ்த்தியிருந்த இடங்களையெல்லாம் மேடு தட்டி நிரவினார்கள். பனந்துண்டுகளைப் பிடுங்கி ஒரு பக்கமாகக் குவித்தார்கள். எல்லைக்கல் வந்ததும் வண்டியை நிறுத்தினார்கள். சாலை அங்கே ஒரு முந்திரி மரத்தில் போய் முட்டி நின்றது.

செல்வாம்பாள் லீவு போட்டுவிட்டு வந்து புல்டோசருக்கு முன்னால் நின்றாள்.

“நேரா எறக்காதீங்க! தண்ணிக்கு வழி எங்க?”

மேற்பார்வைக்கு வந்திருந்தவர் குடையை மடக்கிக்கொண்டு பொறுமையாகச் சொன்னார். “நீங்கதானேம்மா சாலை கேட்டீங்க? சாலைன்னா இதான். உங்க மனு எங்கிட்டயே இருக்கு, காட்டட்டுமா?”

ஐப்பசி மழை பதினைந்து நாள் பெய்தது. மேட்டில் விழுந்த தண்ணீர் முழுக்க அந்த நேர்க்கோட்டைக் கண்டுபிடித்துக்கொண்டது. மழை விட்டுப் போய்ப் பார்த்தபோது சாலை இருந்த இடத்தில் ஆள் மறையும் ஆழத்துக்கு ஒரு பள்ளம். அறுபத்திரண்டு பேரும் ஒன்பது மைல் சுற்ற வேண்டியதாயிற்று. நிரந்தர வேலைக்காரர்கள் மேஸ்திரியிடம் ஏச்சு வாங்கிக்கொண்டு உள்ளே போனார்கள். பதிலியாக நிற்கிறவர்களுக்கு அந்த வசதி இல்லை. வராத ஆளுக்குப் பதில் ஆள் எடுக்க இரண்டாவது சங்கிலேயே கேட்டில் பேர் கூப்பிடுவார்கள். கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் அடுத்த பேர்.

வேம்பு ஏழு வருஷமாகப் பதிலி. அந்தக் கார்த்திகையில் நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். பதினோரு நாள் பேர் கூப்பிட்டபோது அவள் இல்லை. பன்னிரண்டாம் நாள் பட்டியலில் அவள் பேரே இல்லை.

செல்வாம்பாள் நேராக ராஜாங்கத்தின் வீட்டுக்குப் போனாள். வாசலில் நின்றபடி, தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். “ஒரு வார்த்த! ஒரு வார்த்த பெருசா எழுதணும்னு ஆசப்பட்டு ஒரு பொண்ணு சோத்துல மண்ணப் போட்டுட்டியே! உன் கையெழுத்து அழகா இருந்தா உன் வூட்டு செவுத்துல எழுதிக்க வேண்டியதுதானே!”

ராஜாங்கம் வெளியே வரவில்லை. மார்கழியில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்ததுதான்.

வேம்பு இப்போது முந்திரிக்கொட்டை உடைக்கிறாள். கொட்டை எண்ணெய் பட்டு விரல்களெல்லாம் கருத்துத் தோல் உரிந்திருக்கும். ஆலையில் அவளுக்கு இனி வேலையில்லை, பாதையால் ஒரு பிரயோசனமும் இல்லை. ஆனாலும் புதன்கிழமை தவறாமல் கூடையோடு வந்து நிற்பாள். பள்ளத்தை அப்படியே விட்டுவிட்டு, அதற்கு வடக்கே அந்த மார்கழித் தொடக்கத்திலேயே இன்னொரு பாதை வெட்டத் தொடங்கியபோது முதல் நாள் வந்தவள் அவள்தான். ஒன்பது பேர் ஆறு பேராகிவிட்டார்கள். வெட்டி முடிக்க மூன்று வருஷம் ஆயிற்று.

வெட்டும்போதெல்லாம் செல்வாம்பாள் ராஜாங்கத்தைத் திட்டிக்கொண்டே வெட்டுவாள். ஒரு வெட்டுக்கு ஒரு திட்டு. ஒருநாள் வேம்பு கூடையைக் கீழே வைத்தாள்.

“யக்கா, ஒண்ணு கேக்கட்டுமா? அந்த மனுவுல மொதக் கையெழுத்து யாருது?”

செல்வாம்பாள் மண்வெட்டியை ஓங்கியவள் நிறுத்தினாள்.

“அந்தாளு வாசிச்சாரு. சாலைன்னு வந்திச்சு. நீ என்னா சொன்ன? ‘நல்லாத்தான்ணே இருக்கு, கேக்கறதுக்கே கெத்தா இருக்கு’ன்னு சொல்லி, பேனாவ நீதான் மொதல்ல வாங்கின. நான் பக்கத்துலதான் இருந்தேன்.”

“வேல போச்சேன்னு உனக்குக் கோவமே வராதாடி?”

“எனக்கும் சேத்து நீதான் படறியே. மிச்சம் வெச்சாத்தானே எனக்கு?”

மற்ற நாலு பேரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள். செல்வாம்பாள் அன்று பொழுது சாயும்வரை தனியாக, யார் கூடைக்கும் காத்திருக்காமல், வெட்டிய மண்ணைத் தானே அள்ளிக் கொட்டினாள். திட்டு மட்டும் நின்றது. அடுத்த புதன்கிழமை திரும்பவும் வந்துவிட்டது. ஆனால் அதில் இப்போது ராஜாங்கத்தின் பேர் வராது. “புத்தி கெட்ட கழுத” என்று பொதுவாகத்தான் வரும். யாரை என்று யாரும் கேட்பதில்லை.

ஆபீசிலிருந்து பிறகும் இரண்டு தடவை ஆள் வந்தார்கள். சாலையைச் செப்பனிட மனு எழுதிக் கொடுத்தால் உடனே ஆகும் என்றார்கள். இரண்டாவது தடவை வந்தவர் ஜீப்பை நிறுத்திவிட்டு புதுப் பாதையில் நடந்து பார்த்தார். நன்றாக இருக்கிறது, இதையே கொஞ்சம் அகலப்படுத்தினால் என்ன என்றார். செல்வாம்பாள் அவரைக் கையோடு அழைத்துப்போய்ப் பள்ளத்தின் விளிம்பில் நிறுத்தினாள்.

“எறங்கிப் பாருங்க சார். உங்க சாலை கீழ இருக்கு.”

அவர் இறங்கவில்லை.

1987 ஆனியில், ஆலை கேட்டில் காவலாளி அவளிடம் ஒரு நீல இன்லேண்டு கடிதத்தைக் கொடுத்தார். வால்பாறை முத்திரை. இரண்டு நாள் பிரிக்காமல் இடுப்பில் செருகி வைத்திருந்தாள். புதன்கிழமை, வேலைக்கு நடுவே, பனந்துண்டின் மேல் உட்கார்ந்து வேம்புவின் முன்னால் பிரித்தாள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். உரக்கப் படித்தாள்.

“செல்வாம்பாவுக்கு ராஜாங்கம் எழுதுவது. இங்கே மழை. தோட்டத்துப் பெண்கள் கொழுந்துக் கூடையோடு இறங்குகிற பாதையில் ஒரு வளைவு இருக்கிறது. வருஷா வருஷம் அறுத்துக்கொண்டு போகிறது. போன மாதம் ஒரு பிள்ளைத்தாச்சி விழுந்துவிட்டாள். நான் சொன்னால் இங்கே கேட்கிறார்கள், ஆனால் எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. கீழே வரைந்திருக்கிறேன். தண்ணீரை எங்கே தள்ள வேண்டும்?”

அடியில் பேனாவால் ஒரு படம். ஒரு மலை, ஒரு கோடு, ஒரு வளைவு. வளைவின் நடுவில் அம்புக்குறி போட்டுத் ‘தண்ணீர்’ என்று அதே அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது.

“அவ்ளோதானா?” என்றாள் வேம்பு. “நல்லாருக்கியா கெட்டுப்போனியான்னு ஒண்ணும் இல்ல? வேம்பு எப்படி இருக்கான்னு கூட இல்ல?”

“இல்ல.”

“மன்னிப்பு?”

“அதுவும் இல்ல.” செல்வாம்பாளின் குரல் ஏறியது. “ஆறர வருசம் கழிச்சு சந்தேகம் கேக்கறான் பாருடி! அதுவும் எப்படி வரஞ்சிருக்கான் பாரு. வளைவுக்கு வந்தப்பறமா தண்ணியத் தள்ளுவாங்க? அங்க வரதுக்குள்ள அது வேகம் புடிச்சிருக்குமே! பத்தடி முன்னாலயே தள்ளணும். ஒம்பது பேரோட ரெண்டு வருசம் மண்ணு சொமந்தானே, கண்ண எங்க வெச்சிருந்தான்?”

“கிழிச்சுப் போடு யக்கா.”

பனந்துண்டில் அறுக்கவேண்டிய இடத்தைக் குறிப்பதற்காக அவள் ஒரு தச்சுப் பென்சில் வைத்திருந்தாள். அதை எடுத்து, கடிதத்தைப் பனந்துண்டின் மேல் விரித்து, ராஜாங்கத்தின் அம்புக்குறியைக் குறுக்கே அடித்தாள். அடித்த வேகத்தில் பென்சிலின் கூர் ஒடிந்து தெறித்தது. செல்வாம்பாள் பென்சிலை வாயில் வைத்து, மரத்தைப் பல்லால் கடித்துத் துப்பினாள். உள்ளேயிருந்து கொஞ்சம் கருப்பு எட்டிப் பார்த்ததும், வளைவுக்குப் பத்தடி முன்னால் கோட்டைப் போட்டாள்.